எந்த சர்வர் என்று திரையே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலர், தாங்கள் பராமரிக்கும் சர்வர் கணினியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அது ஜூரோங்கில் இருக்கலாம், சிட்னியில் இருக்கலாம். முன்னால் இருப்பது கட்டளை அடிக்கும் ஒரு கறுப்புத் திரை, பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னும் நாலு. தப்பான திரையில் யாராவது ரீபூட் கொடுத்துவிட்டால், “பார்த்து அடிக்கக் கூடாதா?” என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை, இரவு வெகுநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. வழக்கமான பேக்கப் வேலை செய்யாமல் கிடந்தது தனிக்கதை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இரண்டு சர்வருக்கும் பெயர் என்ன தெரியுமா? டிபி1, டிபி2. ஒரே ஓர் எண்தான் வித்தியாசம்!

இதற்குப் பெரிய செலவெல்லாம் இல்லை. லினக்ஸ் சர்வரில், கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லும் பிஎஸ்1 வரியைக் கொஞ்சம் மாற்றினால், வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் பெயர் சிவப்பிலும் சோதனை சர்வரில் பச்சையிலும் தெரியும். விண்டோஸ் என்றால் பிஜிஇன்ஃபோ என்ற சிறு மென்பொருள், சர்வர் பெயரை வால்பேப்பரிலேயே பெரிதாகப் போட்டுவிடும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் மாலி-கார்ட் என்று ஒன்று உண்டு. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழியாக உள்ளே போய் ஷட்டவுன் அடித்தால் “இந்த சர்வரின் பெயரைச் சொல்” என்று கேட்கும், தப்பாகச் சொன்னால் அணைக்காது. சாயங்காலம் லேப்டாப்பை அணைப்பதாக நினைத்து சர்வரை அணைத்துவிட்டு எம்ஆர்டி ஏறுகிறவர்களுக்கென்றே செய்தது போல இருக்கும்.

ஆனால் ஃபைலை அழித்தால் மாலி-கார்ட் தடுக்காது. சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் புட்டி மென்பொருளில் மவுஸின் வலப்பக்கப் பட்டனைத் தெரியாமல் அழுத்தி, காப்பி செய்து வைத்திருந்த கட்டளை அப்படியே வந்து விழுந்தாலும் தடுக்காது. அதனால் நிறமும் பெயரும்தான் முதலில் வேண்டும் என்பேன்.

இதையெல்லாம் அவரவர் ஆர்வத்துக்கு விடாமல், புது சர்வர் அமைக்கும்போதே நிறுவனங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் லினக்ஸ் சொல்லித் தருகிறவர்களும் முதல் வகுப்பிலேயே மாணவர்களை பிஎஸ்1-ஐ மாற்றச் சொல்லலாமே.

– சிஸ்டம் அட்மின், செங்காங்