காலையில் குறைக்கக் கூடாத இருபது நிமிடம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலை பத்தரை மணி வாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டோ, தலை சுற்றுகிறது என்றோ வரும் பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். காலையில் என்ன சாப்பிட்டாய்? வெளிக்குப் போய்விட்டு வந்தாயா? இரண்டில் ஒன்றுக்காவது பதில் வராமல் தலை குனிவதைப் பார்க்கிறோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களில் பலர் ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க விடிந்ததும் கிளம்பிவிடுகிறீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பொழுது விடியும்போதே வேலையும் தொடங்கிவிடுகிறது. ஆகவே இன்னும் சீக்கிரம் எழுங்கள் என்று சொல்ல மாட்டோம். காலையில் செய்தே ஆக வேண்டும் என்றில்லாத வேலைகளை முந்தின இரவுக்குத் தள்ளிவிடுங்கள். பை அடுக்குவது, சீருடையும் சாக்ஸும் எடுத்து வைப்பது, டைரியில் கையெழுத்துப் போடுவது, தண்ணீர் பாட்டிலை பிரஷ் விட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பது, பெண் பிள்ளைகளுக்குச் சிக்கெடுத்துத் தளர்வாகப் பின்னிவிடுவது எல்லாம் இரவு எட்டரைக்குள் முடிகிற வேலை. இப்படி மிச்சமாகும் இருபது நிமிடம் சாப்பாட்டுக்கும் காலைக்கடனுக்கும் மட்டும்.

காலைக்கடனைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறோம். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை உணவுக்குப் பின் அந்த அசைவு நன்றாகவே இருக்கும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் பிள்ளையைப் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்கார விடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் முக்காலி போடுங்கள். கால் தொங்கினால் முக்க முடியாது. "வேன் வந்துடுச்சு, ஸ்கூல்ல போய்க்கோ" என்று எழுப்பிவிட்டால் பிள்ளை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சி மலம் இறுகுகிறது. வெளியேறும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறார்கள். நாளாக நாளாக, இறுகிய மலத்தின் ஓரமாகத் தளர்ந்தது கசிந்து ஜட்டியில் கறை படும். அது பிள்ளையின் சோம்பேறித்தனம் இல்லை. தயவுசெய்து திட்டாதீர்கள், அடிக்காதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ், பழைய சோறும் மோரும், வேர்க்கடலைச் சட்னியோடு மூன்று இட்லி, முடிந்த நாளில் ஒரு முட்டை. இவற்றில் எதுவும் மதிய மணி வரை தாங்கும். டீயும் பன்னும் தாங்காது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதையும் தடுக்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான். முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் அந்தச் சத்து கூடுதலாக உடம்பில் ஒட்டும். ஐந்தாம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவு பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடும் என்பதை அந்த ஜூன் மாதத்திலேயே நினைவில் வையுங்கள்.

பல் துலக்க இரண்டு நிமிடம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். துப்பியபின் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். ஏழெட்டு வயது வரை நீங்களே துலக்கிவிடுங்கள். செங்கல் பொடி, கரித்தூள், புகையிலை கலந்த பல்பொடி வேண்டவே வேண்டாம். இரவும் ஒருமுறை துலக்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் குறைவதால் சொத்தை விழுவது அப்போதுதான் அதிகம்.

நம் ஊர் வெயிலுக்குக் குளியல் தானாகவே நடந்துவிடுகிறது. தவறுவது துவட்டுவதில். அக்குள், தொடை இடுக்கு, கால் விரல் இடுக்கு மூன்றும் உலர்ந்தபின் உடை போடுங்கள். ஈரம் காயாத ஜட்டியும் ஒரே துண்டை வீடே பயன்படுத்துவதும் படர்தாமரையைப் பரப்பும். அது வந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். நாலு நாளில் அரிப்பு அடங்கும், பிறகு முன்பைவிட அகலமாகப் பரவும். அரசு மருத்துவமனை தோல் பிரிவில் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து மருந்து வேண்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத் தூக்கமாவது தேவை. ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதுக்குத் தூங்கியிருக்க வேண்டும். செல்போன் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உங்கள் கைக்கு வந்துவிடட்டும்.

நீங்கள் வேலைக்குப் போனபின் தனியாகக் கிளம்பும் பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். பாட நேரத்திலும் கழிவறைக்கு அனுமதி கேட்டால் மறுக்கக் கூடாது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அங்கே தாழ்ப்பாள் சரியில்லை, தண்ணீர் வரவில்லை என்று பிள்ளை வந்து சொன்னால் அன்றைக்கே எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்