விடுப்புக் கடிதங்களில் இருந்த நோய்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்தையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். கர்ப்பிணி என்று பதிவு செய்ததுமே ரத்தம் எடுத்துவிடுகிறார்கள். தொற்று இருந்தால் 2014 முதல் கிருமியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து ஆயுளுக்கும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒருவனுக்கு நான் வகுப்பாசிரியையாக இருந்தேன் என்பதால் எழுதுகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஊரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரேயரில் பிள்ளைகளை உயரவாரியாக நிற்க வைப்போம். அந்தப் பையன் ஆறாம் வகுப்பிலும் வரிசையில் முதல் ஆள், எட்டிலும் முதல் ஆள், ஒன்பதிலும் முதல் ஆள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் குரல் உடைந்து மீசை அரும்பியபோது இவன் மட்டும் நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தான். விலையில்லாச் சட்டை முட்டி வரை தொங்கும். "அம்மாயி வீட்டுச் சோறு ஒட்டவே இல்லையாடா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அப்பா, அம்மா இருவரும் இல்லை. அம்மாவைப் பெற்ற அம்மாயிதான் வளர்த்தார். அவர் கைநாட்டு வைத்து அனுப்பிய விடுப்புக் கடிதங்கள் என் மேஜை இழுப்பறையில் கட்டாகக் கிடந்தன. காய்ச்சல். காதில் சீழ். திரும்பக் காய்ச்சல். வயிற்றுப்போக்கு. கன்னம் வீங்கி, 'பொன்னுக்கு வீங்கி' என்று ஒரு கடிதம். அடுத்த வருடமும் அதே பொன்னுக்கு வீங்கி. ஒருமுறை வந்தால் பொதுவாகத் திரும்ப வராத நோய் அது. எனக்கு உறைக்கவில்லை. எட்டாம் வகுப்பில் விலாப்பக்கம் அக்கி வந்து, குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டு சட்டையைத் தூக்கிக் காட்டினான். அக்கி பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வந்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. காய்ச்சலுக்கு ஒரு டாக்டர், காதுக்கு இன்னொருவர், தோல் அரிப்புக்கு மெடிக்கல் ஷாப், அக்கிக்குக் குயவர். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கிற ஆள் யாரும் இல்லை. எல்லாம் சேர்ந்து கிடந்த ஒரே இடம் என் இழுப்பறைதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஓட்டப் பயிற்சியின்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். இருமல் நிற்கவில்லை. அரசு மருத்துவமனையில் சளி எடுத்துப் பார்த்ததில் டி.பி. என்றார்கள். டி.பி. என்றால் எச்.ஐ.வி.க்கும் பார்ப்பது அங்கே வழக்கம். அப்படித்தான் தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 ரத்த அணுக்கள் 62தான் இருந்தன. 200-க்குக் கீழே போனாலே ஆபத்தான நிலை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்த அம்மாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என்ற புள்ளைக்கு இருந்தது எனக்குத் தெரியுமுங்க டீச்சர். இவனுக்கும் இருந்திருந்தா அப்பவே போயிருப்பான்னு நெனச்சேனுங்க." மகளுக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் பையனைக் கூட்டி வாருங்கள் என்று ஒருமுறை சொன்னார்களாம். அதற்குள் மகள் போய்விட்டார். அப்புறம் யாரும் கேட்கவில்லை, இவரும் போகவில்லை. நாட்டிலேயே முதன்முதலாக 1986-இல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த சென்னை இருக்கும் மாநிலத்தில், அம்மா இறந்த பிறகு அந்தப் பிள்ளையின் ரத்தத்தைப் பார்க்க ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

அந்த அம்மாயியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் நினைத்ததைத்தான் ஒரு காலத்தில் டாக்டர்களும் நினைத்தார்கள். மருந்தில்லாமல் விட்டால், தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி இரண்டு வயதுக்குள் இறந்துவிடும் என்பது உண்மை. அதனாலேயே பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இது இருக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் சில பிள்ளைகளின் உடம்பில் கிருமி மெதுவாகவே வேலை செய்கிறது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகர மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட வளரிளம் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்திருக்கிறது, பெரும்பாலும் பிறப்போடு வந்தது. கர்ப்ப காலப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த தாய்க்கு, பின்னால் கணவரிடமிருந்து தொற்றி, தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போவதும் உண்டு. ஆகவே அம்மாவின் பழைய ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் மறுநாளே யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்று பெற்றோர் வந்து நிற்பார்கள், எனக்குத் தெரியாதா? 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். நான் கேட்பது சின்ன விஷயம். அடிக்கடி நோயில் விழும், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத பிள்ளை வந்தால், அப்பா அம்மா எப்படி இறந்தார்கள் என்று டாக்டர் கேட்கட்டும். கூட்டு மருந்து வாங்க வருகிறவர்களிடம் வீட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும், எத்தனை வயதானாலும், பார்த்தாயிற்றா என்று கேட்கட்டும். பார்க்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஒன்றரை வயது தாண்டிய பிள்ளைக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனை போதும், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று இருக்கும் நம்பிக்கை மையத்தில் காசில்லாமல் செய்கிறார்கள்.

பதினாறு, பதினேழு வயதில் புதிதாகத் தொற்று வரும் பிள்ளைகளின் கதை வேறு. வீட்டுக்குத் தெரியாமல் பரிசோதிக்க வழியில்லை, வாயைத் திறந்தால் சிறார் பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்கு ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்களை வைத்து நீங்கள் தனியாக எழுத வேண்டும்.

என் மாணவன் நன்றாக இருக்கிறான். தினம் மாத்திரை, டயர் கடையில் வேலை. உயரம் மட்டும் நாலே முக்கால் அடியோடு நின்றுவிட்டது. மருந்து தாமதமானால் விட்டுப்போன வளர்ச்சி முழுசாகத் திரும்பி வருவதில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க டீச்சர், ஊர் பேரு மட்டும் வேண்டாம்" என்றான். அதனால் ஊரைச் சொல்லவில்லை, வேறு ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரையும் போட வேண்டாம், அதை வைத்து அவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள். எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ டிசம்பரில் மட்டும் போடாமல், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். அம்மாயிகள் படிக்காவிட்டாலும் டீச்சர்கள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாமக்கல் மாவட்டம்