பாடப்பிரிவு மூடலும் ஆட்குறைப்பும்: பல்கலைக்கழகப் பணியாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக ஆண்டறிக்கை உறுப்பினர் எண்ணிக்கையில் தொடங்கும். இந்த ஆண்டு அதைக் கடைசியில் சொல்கிறேன். நிர்வாகம் வெளியிட்ட மறுசீரமைப்பு வரைவைப் பற்றித்தான் முதலில் பேசியாக வேண்டும். ஆண்டு முழுவதும் நம் நேரத்தை எடுத்துக்கொண்டது அதுதான்.

வரைவு மூன்று விஷயங்களைச் சொன்னது. ஐந்து பட்டப்படிப்புகளில் புதிய சேர்க்கையை நிறுத்துவது, இரண்டு துறைகளை வேறு துறைகளோடு இணைப்பது, அதற்கேற்ப ஆசிரியர், அலுவலர் பணியிடங்களைக் குறைப்பது. காரணமாகச் சொல்லப்பட்டது சேர்க்கைக் குறைவும் நிதிப் பற்றாக்குறையும். கருத்துச் சொல்ல நமக்குக் கொடுத்த அவகாசத்தில் பாதி நாட்கள் விடுமுறையில் போயின. அவகாசத்தை நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம், ஓரளவு நீட்டித்தார்கள்.

வரைவின் இணைப்பில் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள், ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற கணக்கு. பார்த்தால் நியாயமான கணக்குப் போலத்தான் தெரியும். முதல் கூட்டத்தில் நம்மில் சிலரே, "எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கும்போது எப்படி எதிர்ப்பது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நல்லதாகப் போயிற்று. அதற்குப் பதில் தேடித்தான் கால அட்டவணையைக் கையில் எடுத்தோம்.

அந்தக் கணக்கு, ஒரு பாடத்தை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களை மட்டுமே எண்ணியிருந்தது. கணிதத்தில் பட்டம் பெற வருபவர்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் பொறியியல், இயற்பியல், பொருளியல் மாணவர்கள் அனைவருக்கும் கணிதம் நடத்துவது அந்தத் துறைதான். தத்துவத் துறையில் சேர்ந்தவர்கள் ஒரு சிறிய வகுப்பறைக்குள் அடங்கிவிடுவார்கள். மருத்துவ மாணவர்களுக்கு நெறிமுறை வகுப்பு எடுப்பதும், கணினித் துறைக்குத் தர்க்கவியல் சொல்லிக்கொடுப்பதும் அவர்களே. மொழித் துறைகளும் அப்படித்தான். இந்த வகுப்புகளில் உட்காரும் மாணவர்கள் எல்லாம் வேறு துறையின் கணக்கில் இருந்தார்கள். நடத்துகிறவர்களின் சம்பளம் மட்டும் இந்தத் துறைகளின் கணக்கில் இருந்தது.

நம் உறுப்பினர்கள் ஒன்பது பேர் மூன்று வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து, துறை துறையாக, வகுப்பு வகுப்பாக எண்ணினார்கள். அதில் நான்கு பேர் மூடல் பட்டியலில் இல்லாத துறைகளைச் சேர்ந்தவர்கள். பொறியியல் துறைத் தோழர் ஒருவர் சொன்னது: "கணிதத் துறையை மூடினால் என் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு யார் பாடம் எடுப்பார்கள்? நான்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது அவர்கள் அளவுக்கு வராது." கல்விக்குழுவில் நாங்கள் வைத்த மனு அவர் சொன்னதை வைத்துத்தான் எழுதப்பட்டது.

திருத்திய கணக்கைப் பார்த்த பிறகு நிர்வாகம் இரண்டு பட்டப்படிப்புகளைப் பட்டியலிலிருந்து எடுத்தது. மூன்று இன்னும் இருக்கின்றன.

அப்புறம், பணக் கணக்கு. இதை உறுப்பினர்கள் பலர் விளக்கச் சொல்லிக் கேட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பட்டப்படிப்பில் சேர்க்கையை நிறுத்தினால், புதிய மாணவர்களின் கட்டண வருமானம் முதல் ஆண்டிலேயே நின்றுவிடும். செலவு அப்படி நிற்காது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படித்து முடிக்கும் வரை வகுப்பு நடத்த வேண்டும், தேர்வு நடத்த வேண்டும், விலகுகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். கட்டடம், நூலகம், மின்சாரம், மைய அலுவலகம் ஆகியவற்றின் செலவில் அந்தத் துறை சுமந்த பங்கு மறைந்துவிடாது, மீதமுள்ள துறைகளின் தலையில் ஏறும். அதனால் இந்த ஆண்டு லாபத்தில் இருக்கும் துறை அடுத்த ஆண்டு நஷ்டத்தில் தெரியும். அடுத்த பட்டியலில் அதன் பெயர் வரும். இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே நிறுத்த வேண்டும் என்பதுதான் செயற்குழுவின் நிலைப்பாடு.

பற்றாக்குறையே இல்லை என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டோம். இது நாமாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997-இல் ஒரு பரிந்துரையை ஏற்றது. நிதிக் காரணத்துக்காக ஆசிரியர்களை விடுவிப்பதானால், நிதிக் கணக்குகள் அனைத்தும் பொதுப் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும், பணிநீக்கத்தைத் தவிர்க்க நியாயமான மாற்று வழிகள் அனைத்தையும் நிறுவனம் முயன்று பார்த்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் ஒப்பந்தம் 1982-இலேயே இதற்கு வழி காட்டியது. பொருளாதாரக் காரணத்துக்காக வேலைநீக்கம் செய்ய நினைக்கும் நிர்வாகம், காரணம் என்ன, எத்தனை பேர், எந்தப் பிரிவினர் என்ற விவரங்களைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரிய காலத்தில் தர வேண்டும், தவிர்க்கும் வழிகளைக் கலந்து பேச வேண்டும் என்கிறது. யுனெஸ்கோ பரிந்துரை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஒப்பந்தம் அதை ஏற்ற நாடுகளையே கட்டுப்படுத்தும். ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் இரண்டையும் வைத்தபோது, "உங்களுக்கு எதற்குக் கணக்கு?" என்ற பேச்சு நின்றது. கடந்த மூன்று ஆண்டுகளின் கணக்கும் கட்டுமானச் செலவின் விவரமும் நமக்குக் கிடைத்தன. கையிருப்பு பற்றிய விவரம் இன்னும் வரவில்லை.

மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதையும் படிப்பு வட்டத்தில் பேசினோம். இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம் 2010-இல் தத்துவத் துறையை மூட முடிவு செய்தது. அதற்கு முன் 2008-இல் நடந்த ஆய்வு மதிப்பீட்டில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே உயர்ந்த மதிப்பீடு பெற்றது அந்தத் துறைதான். மாணவர்கள் கட்டடத்திற்குள் அமர்ந்து போராடினார்கள். கடைசியில் அங்கிருந்த ஆய்வு மையம் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2023 செப்டம்பரில் ஆசிரியர்கள் 797-க்கு 100 என்ற வாக்கில் தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அடுத்த பத்து நாட்களுக்குள்ளேயே 28 பாடப்பிரிவுகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்க ஆட்சிக்குழு வாக்களித்தது. இதைப் படித்தபோது கூட்டத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். வாக்கெடுப்பு மட்டும் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது. வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் 400 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செவிலியர் படிப்பையே மூடும் யோசனையும் அதில் இருந்தது. ஊழியர்கள், மாணவர்கள், பொதுமக்கள் என்று எதிர்ப்பு எழுந்த பிறகு செவிலியர் படிப்பு தப்பியது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களும் பேசினால்தான் நிர்வாகம் திரும்பிப் பார்க்கிறது என்பது நம் அனுபவமும்கூட. முன்னாள் மாணவர்கள் எழுதிய கடிதங்கள் நம் வாயிற்கூட்டங்களைவிட அதிகம் வேலை செய்தன.

இனி, சொல்லக் கஷ்டமான பகுதி.

நிரந்தரப் பணியாளர் எவரையும் இந்தக் கல்வியாண்டில் கட்டாயமாக நீக்க மாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதி நமக்குக் கிடைத்தது. அதை வெற்றி என்று சுற்றறிக்கையில் எழுதினோம். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான். அது வெளியான மாதத்திலேயே, மணிநேர ஊதியத்தில் வகுப்பு எடுத்துவந்தவர்களும் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லாததால் ஆட்குறைப்புக் கணக்கிலும் வரவில்லை. பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, அறையைக் காலி செய்யும்போது என்னிடம் கேட்டார்: "சார், சங்கம் எங்களுக்கும் சேர்த்துத்தானே பேசியது?" சேர்த்துப் பேசவில்லை. கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்கு ஒரு வரி இருந்தது, பேச்சுவார்த்தையில் அந்த வரியை வலியுறுத்தாமல் விட்டுவிட்டோம். செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னுடையது. அவர்களிடம் இந்தப் பொதுக்குழு முன் மன்னிப்புக் கேட்கிறேன்.

இழப்பீடு பெற்றுக்கொண்டு தாமாகவே வேலையை விடச் சொல்லும் விருப்ப விலகல் திட்டத்திலும் நாம் தாமதமாகவே விழித்தோம். விருப்பம் என்று பெயர் இருந்தாலும், தன் துறையின் பெயரைப் பட்டியலில் பார்த்தவர் எடுக்கும் முடிவை முழு விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு இடத்தில் வேலை கிடைக்கக்கூடியவர்கள் முதலில் போனார்கள். காலியான இடங்களை நிரப்பவில்லை. சரி, இருப்பவர்கள் சமாளிப்பார்கள் என்றார்கள். இப்போது ஒரு துறையில் விருப்பப் பாடங்களை நடத்த ஆளில்லாமல் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். விருப்பப் பாடங்கள் குறைந்தால் அடுத்த ஆண்டு சேர்க்கையும் குறையும், அந்தக் குறைவையே காரணம் காட்டுவார்கள். இதை நாம் இப்போதே பதிவு செய்து வைக்க வேண்டும்.

அலுவலகப் பணியாளர்கள், ஆய்வகப் பணியாளர்கள், நூலகத் தோழர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு துறை அலுவலகங்களை ஒன்றாக்கியதில் ஒருவர் இருவர் வேலையைச் செய்கிறார். தேர்வுக் காலத்தில் அவர் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்பது பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியும். கூடுதல் வேலைக்கான படி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

மாணவர் பேரவை தொடக்கத்திலிருந்தே நம்மோடு நின்றது. அவர்கள் நடத்திய கையெழுத்து இயக்கத்துக்கு நம் நன்றி. சேர்ந்த படிப்பை, சேரும்போது இருந்த தரத்திலேயே முடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்ற கோரிக்கையை அவர்களே எழுதினார்கள், நாங்கள் கையெழுத்திட்டோம்.

உறுப்பினர் எண்ணிக்கை இந்த ஆண்டு கூடியிருக்கிறது, முக்கியமாக இளைய ஆசிரியர்களிடையே. செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பொதுக்குழுவின் முடிவுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, ஒப்பந்த, மணிநேரப் பணியாளர்களுக்குக் குறைந்த சந்தாவில் முழு உறுப்புரிமையும் செயற்குழுவில் இரண்டு இடங்களும் தருவது. இரண்டு, அவர்களின் ஒப்பந்தப் புதுப்பிப்பை இனி வரும் எல்லாப் பேச்சுவார்த்தையிலும் முதல் பொருளாக வைப்பது. மூன்று, மீதமுள்ள மூன்று பட்டப்படிப்புகள் குறித்து அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு முன் முழுக் கணக்கையும் கேட்டுப் பெறுவது, தராவிட்டால் அடையாள வேலைநிறுத்தத்துக்கு உறுப்பினர்களின் வாக்கெடுப்பு நடத்துவது.

முதல் தீர்மானத்தை முன்மொழிய, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத அந்த அம்மாவையே அழைத்திருக்கிறோம். அவர் வந்திருக்கிறார். தலைவர் அவர்கள் அவருக்குப் பேச நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்