வந்த ரீடிங்கை எழுது

கண்ணா,

இதை உன் ஜிமெயிலுக்கு அனுப்பறேன். வாட்ஸாப்ல நீளமா எழுதினா ஒரு கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிடுவ, ஃபோன் பண்ணா மீட்டிங், மீட்டிங் இல்லன்னா தூக்கம், அதான் உக்காந்து டைப் பண்றேன். முதல்ல சாப்பாடு. நேரத்துக்கு சாப்பிடு. பிரெட்டையும் சீஸையும் வெச்சே நாளைத் தள்ளாத, ஒரு குக்கர் வைக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது.

இங்க கத்திரி ஆரம்பிச்சாச்சு. ஏப்ரல் 24 நிழல் இல்லாத நாளுக்கு மாடியில பைப்பை நட்டு வெச்சு 12 மணி 7 நிமிஷத்துக்கு எடுத்த ஃபோட்டோவை உனக்கு அனுப்பினேன், நீல டிக் வந்துச்சு, பதில் வரல. பரவால்ல, பிஸியா இருப்ப. கீழ் வீட்டுப் பையன் எட்டாவது படிக்கறானே, அவன்தான் இந்த வருஷம் எனக்குத் துணை. அன்னைக்குத்தானே ஆன்ட்டி சூரியன் நேரா தலைக்கு மேல வந்துச்சு, அப்புறம் ஏன் மே மாசத்துல இன்னும் அதிகமா கொளுத்துதுன்னு கேட்டான் பாரு, எனக்கு அப்படியே உன்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு. தரைக்கு வர்ற சூடு அது வெளிய விடற சூட்டைவிட அதிகமா இருக்கற வரைக்கும் ஏறிட்டேதான்டா இருக்கும், உச்சி வெயில் நாளும் உச்ச வெப்ப நாளும் ஒண்ணா இருக்காதுன்னு சொன்னேன். அதோட நம்ம ஊருக்கு கடல் காத்து வேற. மேக்க இருந்து காத்து பலமா அடிச்சா கடல் காத்தை உள்ள விடாது, அது மதியத்துக்குள்ள வந்துட்டா 37ல நின்னுடும், மூணு மணி வரைக்கும் வரலன்னா 41, 42ன்னு போயிடும். அப்போ கடல் காத்து லேட்டா வந்தா ஸ்கூலுக்கு லீவ் விடுவாங்களான்னு கேக்கறான்.

அப்பா புதுசா ஒரு மண்பானை வாங்கிட்டு வந்துட்டு தண்ணி ஜில்லுன்னே ஆகலன்னு தினமும் புகார். காத்துல இவ்வளவு ஈரம் இருக்கற ஊர்ல பானைத் தண்ணி எங்கங்க ஆவியாகும், இதையே மதுரையில வெச்சா நல்லா குளிரும்னு சொல்றேன், இல்லயாம், பானைதான் சரியில்லயாம், ஆதம்பாக்கம் கடைக்காரன் ஏமாத்திட்டானாம், மாத்தப் போறாராம். இத்தனை வருஷம் ஃபிசிக்ஸ் வாத்தியாரோட குடும்பம் நடத்தியும் இதான் நிலைமை. ஆனா ஒண்ணு, அவர் ஃபோன்ல வெதர் ஆப்பைத் திறந்தா இன்னமும் உன் ஊர்தான் முதல்ல வருது, சென்னை ரெண்டாவது. வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டார், உனக்குத் தெரியும்.

நான் காலைல அஞ்சரைக்கு எழுந்துடறேன். அந்த நேரத்துக்குத்தான் ஆர்க்கைவ்ல, ஜர்னலுக்கு முன்னாடியே எல்லாரும் பேப்பரை ஏத்தற அந்த வெப்சைட்ல, புது லிஸ்ட் வருது, பால் காயறதுக்குள்ள உன் சப்ஜெக்ட் கண்டென்ஸ்டு மேட்டர் பக்கத்தை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிடுவேன். சனி ஞாயிறு வராது, அந்த ரெண்டு நாளும் என்னமோ பேப்பர்காரன் வராத மாதிரி கை கால் ஓடாது. பாதி புரியும், பாதி புரியாது, தலைப்பையும் பேருங்களையும் பாப்பேன். உன் பேரைத் தேடறேன்னு நினைச்சுக்காத, பழக்கம். நீ போட்ட கடைசி பேப்பரை பிரின்ட் எடுத்து வெச்சிருக்கேன், மூணாவது படத்துல ஆக்சிஸுக்கு யூனிட் போடாம விட்டிருக்க, அதையும் அப்பவே சொல்லணும்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எதுவும் வரலன்னா ஏதோ பெருசா ஒண்ணு பண்ணிட்டு இருக்கன்னுதான் நான் எடுத்துக்கறேன். இங்க நடக்கற மாதிரி பாயின்டுக்காக காசு கட்டி ஏதோ ஒரு ஜர்னல்ல ஏத்தற வேலையெல்லாம் உனக்கு வேண்டாம். தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் போட்டே ஆகணுங்கற கட்டாயத்தை யூஜிசி 2022லயே எடுத்துடுச்சு, ஆனாலும் எங்க பக்கம் அந்த வியாதி இன்னும் போகல.

போன மாசம் அந்தப் பழைய லேப் ஃபோட்டோவை உன் யூனிவர்சிட்டி மெயிலுக்கு அனுப்பினேன், அது திரும்பி வந்துடுச்சு, அப்படி ஒரு முகவரியே இல்லன்னு. ஸ்பெல்லிங்கை நான்தான் தப்பா போட்டிருப்பேன். மறுபடியும் உன் பழைய மெயில்லேருந்து காப்பி பண்ணி அனுப்பினேன், அதுவும் வந்துடுச்சு. சர்வர் ஏதாவது மாத்தியிருப்பாங்க. அப்புறம் உங்க ரிசர்ச் குரூப் வெப்சைட்ல ஃபோட்டோவெல்லாம் புதுசா மாத்தியிருக்காங்க போல, அழகா இருக்கு.

சரி, அதை விடு. ஒண்ணு சொல்லணும். போன வாரம் ஒரு காலேஜ்ல பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா கூப்பிட்டாங்க, ரிட்டயர் ஆனவங்கன்னா வேலை இல்லாம இருப்பாங்கன்னு ஒரு எண்ணம், நானும் போயிட்டேன். மிக்சர், பிஸ்கட், காபி எல்லாம் வழக்கம் போல. டார்க் ரூம்ல நியூட்டன்ஸ் ரிங்ஸ், அதான் லென்ஸை கண்ணாடித் தட்டு மேல வெச்சு வெளிச்சம் விட்டா மைக்ராஸ்கோப்ல தெரியற வளையங்களை அளக்கறது. ஜன்னலுக்கு கறுப்புத் துணி, உள்ள காத்தே கிடையாது, அந்த சோடியம் லேம்ப் போட்டதும் முதல்ல ரோஸ் கலர்ல முழிச்சுட்டு அப்புறம் மெல்ல மெல்ல மஞ்சளாகும் பாரு, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்கு அது பிடிக்கும். பத்தாவது வளையத்தோட விட்டமே 5 மில்லிமீட்டர் இருக்காது, அதை வெர்னியர்ல 0.001 சென்டிமீட்டர் வரைக்கும் படிக்கணும், ஸ்க்ரூவை ஒரே பக்கமாத்தான் திருப்பிட்டுப் போகணும், ஐயோ ஒரு வளையம் தாண்டிட்டேனேன்னு திரும்பி வந்தா பேக்லாஷ், ஸ்க்ரூவோட லூஸ் ஆட்டம், அதுவரைக்கும் எடுத்தது போச்சு. வேர்த்து ஊத்த ஊத்த அந்தப் பொண்ணுங்க ஒத்தைக் கண்ணை மூடிட்டு எண்ணிட்டு இருக்காங்க.

லென்ஸோட வளைவு ஆரம் கண்டுபிடிக்கணும். டப்பா மேல 100 செ.மீ.ன்னு ஸ்டிக்கர். காலைல வந்த பேட்ச்ல அந்த செட் கிடைச்ச பொண்ணு 99.8ன்னு எழுதியிருக்கா, அடுத்தவ 100.2, ரெகார்டுகளைப் புரட்டினா எல்லாரும் நூறைச் சுத்தியே கும்மி அடிக்கறாங்க. மத்தியானம் ஒருத்தி, ஒல்லியா, பேசவே பயப்படறா, அவ மட்டும் 91ன்னு குடுத்தா. ஏம்மா, டப்பாவைப் பாக்கலயான்னு கேட்டேன். பாத்தேன் மேம், திரும்பத் திரும்ப எடுத்துட்டேன், இதான் மேம் வருது, வந்ததை எழுதிட்டேன்னா. குரல் நடுங்குது. சரின்னு கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு நானே மைக்ராஸ்கோப்ல உக்காந்தேன். எனக்கு 92 வந்துச்சுடா! லென்ஸ் எப்பவோ மாறிப் போயிருக்கு, டப்பா மட்டும் பழசு. எத்தனை பேட்ச் போயிருக்கும், அத்தனை பேரும் கண்ணை இடுக்கி வளையத்தை எண்ணிட்டு கடைசில ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரைக் கண்டுபிடிச்சுட்டுப் போயிருக்காங்க. முழு மார்க் போட்டேன். இன்டர்னல் எக்ஸாமினருக்கு முகம் சுருங்கிடுச்சு, பரவால்ல.

உனக்கு எதுக்கு இதைச் சொல்றேன்னா, நீ பத்தாவது படிக்கறப்பவே நான் சொன்னதுதான், ரீடிங் என்ன வந்துச்சோ அதை எழுது, நல்லா இருக்கோ இல்லயோ. அது ரெகார்டுக்கு மட்டும் சொன்னதில்ல.

அப்புறம் அந்தக் குமுதினி ஃபிளாட்ஸ் பையன், என்கிட்ட எம்.ஃபில் பண்ணானே, உனக்கு கேரம் சொல்லிக் குடுத்தவன். லெக்சரர் வேலைக்கான நெட் பரீட்சை பாஸ் பண்ணி, பிஎச்டி முடிச்சு, கெஸ்ட் லெக்சரரா மே மாசம் சம்பளம் இல்லாம எத்தனை வருஷம் ஓட்டினான். இப்போ ஓஎம்ஆர்ல ஏதோ டேட்டா வேலை. ஆலந்தூர் மெட்ரோல என்னைப் பாத்துட்டு தூணுக்குப் பின்னாடி ஒதுங்கறான்டா, எனக்கு வந்த கோவத்துக்கு, நேரா போய் நின்னு, ஏன்டா ஒளியற, நான் என்ன கடன் குடுத்தவளான்னு கேட்டேன். நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு சொல்லிக் குடுத்தீங்க மேம், எந்த முகத்தை வெச்சுட்டு வர்றதுன்னு இழுக்கறான். என்ன முகம், இருக்கற முகத்தை வெச்சுட்டு வா. ரெண்டு பொண்ணு, பெரியவ நல்லா படிக்கறாளாம், ஞாயித்துக்கிழமை வந்து அடை சாப்பிட்டுப் போனாங்க. மனுஷன் தெளிவா இருக்கான், ராத்திரி தூங்கறான். எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

நட்சத்திர விஞ்ஞானி சந்திரசேகரையே எடுத்துக்கோயேன். நீ கண்ணை உருட்டறது தெரியுது, இருந்தாலும் கேளு. பிரசிடென்சில படிச்சுட்டு 1930ல பம்பாய்ல கப்பல் ஏறினப்ப அவருக்கு 19 வயசு. வெள்ளைக் குள்ளன், அதான் எரிஞ்சு முடிஞ்சு சுருங்கிப் போன நட்சத்திரம், அதுக்கு ஒரு எடை எல்லை உண்டு, இப்போ சூரியனைப்போல 1.4 மடங்குன்னு சொல்றோமே, அதுக்கு முதல் கணக்கை அந்தக் கப்பல்லயே போட்டுட்டார். 1935 ஜனவரில லண்டன்ல அத்தனை பேர் முன்னாடி அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானி எடிங்டன் எழுந்து நின்னு அதைக் கேலி பண்ணார். மனசு விட்டுப் போகாதா. கொஞ்ச வருஷம் அதோட மல்லுக்கட்டினார், 1939ல எல்லாத்தையும் சேர்த்து ஒரு புஸ்தகமா எழுதி முடிச்சு அலமாரில வெச்சுட்டு வேற விஷயத்துக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் அதான் அவர் பழக்கமே, ஒண்ணை எடுப்பார், வருஷக்கணக்கா உழைப்பார், புஸ்தகம் எழுதுவார், மூடிட்டு அடுத்ததுக்குப் போவார். ஓடிப் போயிட்டார்னு ஒருத்தரும் சொல்லல. நோபல் வந்தது 1983ல. நீ என்ன சொல்லுவன்னு தெரியும், அம்மா அவர் ஃபிசிக்ஸுக்குள்ளதானே மாறினார்னு. சரி, உதாரணம் முழுசா ஒட்டல, ஒத்துக்கறேன்.

ஆனா அவங்க அம்மா சீதாலட்சுமியை யாரும் பேசறதில்ல. நார்வே எழுத்தாளர் இப்சனோட நாடகத்தைத் தமிழ்ல கொண்டு வந்தவங்க. தனக்கு உடம்பு முடியாதப்பவும் பிள்ளை போகட்டும்னு அனுப்பி வெச்சாங்க. அடுத்த வருஷம் மே மாசம் போயிட்டாங்க, அவர் கேம்பிரிட்ஜ்ல. அந்தக் காலத்துல ஒரு லெட்டர் போய்ச் சேர வாரக்கணக்குல ஆகும், அப்பவும் அப்பாவும் பிள்ளையும் விடாம எழுதிட்டுத்தான் இருந்தாங்க. உன் கையில ஃபோன் இருக்கு, மூணரை மணி நேரம்தான் வித்தியாசம். நான் ஒண்ணும் போயிடப் போறதில்ல, பயப்படாத, பிரஷர் 130க்கு 84, மாத்திரை மறக்காம போடறேன்.

டாக்டர் பட்டத்துக்கு அப்புறம் ஆறு வருஷம்தான் அங்க கான்ட்ராக்ட்ல ஓட்ட முடியும், அதுக்கப்புறம் பெர்மனென்ட் கிடைக்கணும் இல்லன்னா வெளியன்னு நீதான் ஒரு தீபாவளிக்கு சொன்ன. நான் விரல் விட்டு எண்ணிட்டு இல்ல. அத்தை எண்ணறா. கல்யாண வீட்ல பத்து பேர் நடுவுல, உன் பையன் வேலை இன்னும் டெம்ப்ரரியான்னு கேக்கறா, நான் சொன்னேன், என் பையன் ஹீலியத்தைக் கொதிக்கற நிலையிலேருந்து இன்னும் கீழ இறக்கி அதுல வேலை பாத்தவன், 4 கெல்வின்னா என்னன்னு உனக்குத் தெரியுமான்னு. அவளுக்குப் புரியல, அதனால அமைதியாயிட்டா. பெருமையாத்தான் இருந்துச்சு. அது நீ எங்க உக்காந்து எந்தக் கம்பெனிக்கு என்ன வேலை பாத்தாலும் இருக்கும், உன்னை ஊருக்கு வரச் சொல்லியும் கட்டாயப்படுத்தல, வரவேண்டாம்னும் சொல்லல, மாடி ரூம்ல ஏசி சர்வீஸ் பண்ணியாச்சு, அவ்வளவுதான். பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு கேக்க மாட்டேன். குறைஞ்சா சொல்லு. அப்பாகிட்ட சொல்லாம என் பென்ஷன் அக்கவுன்ட்லேருந்து அனுப்புவேன்.

சாப்பாடு நேரத்துக்கு சாப்பிடு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிக்காத, ஆன்லைன்ல இருக்கறது தெரியுது.

பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மாவடு எல்லாம் கட்டி வெச்சிருக்கேன், மாவடுல எண்ணெய் இல்ல, ரெண்டு கவர் போட்டு ஒட்டியாச்சு. வெள்ளிக்கிழமை கூரியர்காரர் வர்றார். அட்ரஸ் பழையதேவா, மாறிடுச்சா? மாறியிருந்தா புதுசை மட்டும் அனுப்பு, ஏன் எதுக்குன்னு எழுத வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.

அம்மா