ஒரு வரி எதை எண்ணுகிறது?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. உன் முதுகலை மாணவர்கள் நியூயார்க் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, "அமெரிக்கத் துப்பாக்கி வன்முறை" என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பும் வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஆய்வேடு எழுதட்டும். தலைப்பை மட்டும் இப்போதே மாற்றச் சொல்.

2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் தற்கொலை 27,300, கொலை 17,927. மிச்சம்தான் விபத்து, காவலர் சுட்டது, காரணம் உறுதியாகாதது எல்லாம். நூற்றுக்கு 58 பேர் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். இவர்களில் ஒருவர்கூடக் காவல்துறையின் கோப்பில் இருக்கமாட்டார். அங்கே ஒரு வரி என்றால் இன்னொருவரால் சுடப்பட்ட ஒருவர். செய்தித்தாள் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்குப் பள்ளித் துப்பாக்கிச் சூடுதான் கண்ணில் நிற்கும். எண்ணிக்கையில் பெரியது வீட்டுக்குள், சத்தமில்லாமல் நடப்பது.

சாவுகளை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ்களிலிருந்து வரும் தரவுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நடத்தும் வொண்டர் என்ற தளத்தில் அது இலவசம். "அடிப்படை இறப்புக் காரணம்" என்ற பகுதியைத் திறந்து, நோய் வகைப்பாட்டுக் குறியீடுகளைக் கையாலேயே தேர்ந்தெடுப்பது நல்லது. எக்ஸ் 72 முதல் 74 வரை தற்கொலை, எக்ஸ் 93 முதல் 95 வரை கொலை, டபிள்யூ 32 முதல் 34 வரை விபத்து, ஒய் 22 முதல் 24 வரை காரணம் உறுதியாகாதவை, ஒய் 35.0 காவலர் நடவடிக்கையில் நேர்ந்த சாவுகள். கைத்துப்பாக்கியா நீளத்துப்பாக்கியா என்று இந்தக் குறியீடுகளை வைத்துப் பிரிக்க ஆசை வரும். அதில் இறங்க வேண்டாம். கொலைகளில் பெரும்பாலானவை எக்ஸ் 95ல்தான் விழுகின்றன. அதன் பொருள் "மற்றவை அல்லது குறிப்பிடப்படாதவை". சான்றிதழ் எழுதியவர் துப்பாக்கி வகையை எழுதவில்லை, அவ்வளவுதான்.

கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகக் கேட்டால் பத்துக்குக் குறைவான எண்களை அந்தத் தளம் மறைத்துவிடும். இறந்தவர் யார் என்று ஊரில் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. மாணவர்கள் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். கிராமப்புறக் கவுன்டிகளெல்லாம் சொர்க்கமாகத் தெரியும். கெட்டிக்காரப் பையன் ஒருவன் மாநில மொத்தத்திலிருந்து கழித்து மறைந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்ப்பான். பயன்பாட்டு விதி அதைத் தடுக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துக் கேட்பதே வழி. சாவு 20க்குக் கீழே இருந்தால் விகிதம் நம்பத்தக்கதல்ல என்று தளமே குறிப்புப் போடும். அதையும் மதிக்க வேண்டும்.

இன்னொன்று, வொண்டரில் ஒருவர் எண்ணப்படுவது அவர் குடியிருந்த கவுன்டியில். காவல்துறைக் கோப்பில் எண்ணப்படுவது சுடப்பட்ட இடத்தில். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து "ஏன் பொருந்தவில்லை" என்று ஒரு மாதத்தை வீணடிப்பவர்கள் உண்டு. பொருந்தாது. பொருந்தவும் கூடாது.

இனி நியூயார்க் கோப்பு. 2006 முதல் உள்ளது. "இன்சிடென்ட் கீ" (சம்பவ எண்) என்ற பத்தியில் ஒரே எண் இரண்டு மூன்று முறை வரும். பிழை என்று நினைத்து நீக்கிவிடாதே. ஒரு சம்பவத்தில் மூவர் சுடப்பட்டால் மூன்று வரி. சம்பவங்களை எண்ணுவதானால் கீயைத் தனிப்படுத்து, ஆட்களை எண்ணுவதானால் வரிகளை எண்ணு. எதைச் செய்தாய் என்று முதல் பக்கத்திலேயே எழுது. யார் மீதும் குண்டு படாத சூடு இதில் கிடையாது. சுட்டவரைப் பற்றிய பத்திகளில் ஏராளமான வெற்றிடம் இருக்கும். வயதுப் பிரிவில் 940, 1020, 224 என்றெல்லாம் தட்டச்சுப் பிழைகள் கிடக்கும். 940 வயதுக்காரனை எடுத்துவிடலாம். வெற்றிடங்களை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்து "சுடுகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று எழுதத்தான் கூடாது. தெரிந்தவர்களைப் பற்றி மட்டுமே அது பேசும். யார் தெரிந்தவராகிறார் என்பது காவல்துறை எங்கே தேடியது என்பதைப் பொறுத்தது. வரைபடம் போடும்போது புள்ளிகள் தெரு நடுவிலும் சந்திப்பிலுமே குவியும். முகவரியை மறைக்கக் கோப்பு அப்படி வைக்கிறது. சுடுகிறவர்கள் தெரு நடுவைத் தேடிப் போகிறார்கள் என்று யாரும் விளக்கம் எழுதிவிடப் போகிறார்கள்!

நாடு முழுவதற்குமான குற்றத் தரவுக்கு எஃப்.பி.ஐ. போகலாம் என்று கேட்டிருந்தாய். போகலாம், 2021ஐத் தவிர. அந்த ஆண்டு மொத்த எண்களை மட்டும் வாங்கும் பழைய தொகுப்பு முறையை விட்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகப் பதியும் புதிய முறைக்கு மாறினார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைகள் தரவே அனுப்பவில்லை. அந்த ஓட்டையின் மேல் கோடு போட்டு இணைத்தால் குறைந்ததா கூடியதா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குண்டு பட்டுப் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இந்தத் துறையில் எல்லாவற்றிலும் மோசமான எண். சி.டி.சி.யின் மதிப்பீடு நூறைத் தாண்டாத மருத்துவமனைகளின் மாதிரியிலிருந்து வந்தது. சூட்டுக் காயம் ஊர் முழுவதும் பரவி இருப்பதில்லை, சில மருத்துவமனைகளுக்கே வரும். மாதிரியில் அப்படி ஒன்று சேர்ந்தால் எண் ஏறும், விட்டால் இறங்கும். கடைசியில் அவர்களே அந்த எண்களை நிறுத்தி வைத்தார்கள். சரி, நோயாளி வீடு திரும்பும்போது மருத்துவமனை எழுதும் பதிவுகளைப் பார்ப்போம் என்றால் அங்கே வேறு சிக்கல். காயத்தின் நோக்கம் தெரியாவிட்டால் "விபத்து" என்று குறியிடு என்பது குறியீட்டு விதி. வயிற்றில் குண்டோடு வருகிறவனிடம் மருத்துவர் யார் சுட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டா இருப்பார்? குறிப்பில் ஒன்றும் இருக்காது, குறியீட்டாளர் விபத்து என்று போட்டுவிடுவார். சுடப்பட்டவர்களில் பலர் இப்படித்தான் விபத்தாகிவிடுகிறார்கள்.

இவ்வளவு ஓட்டை ஏன் என்று கேட்பாய். ஒரு பங்கு அரசியல். 1996ல் டிக்கி திருத்தம் என்ற சட்டப் பிரிவு வந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க சி.டி.சி. பணத்தைச் செலவிடக் கூடாது என்றது. ஆய்வைத் தடை செய்யவில்லைதான், ஆனால் ஆய்வுக்குச் செலவிட்ட 26 லட்சம் டாலரை அப்படியே வெட்டினார்கள். குறிப்பு புரிந்துவிட்டது. இருபது ஆண்டுக்கு மேல் யாரும் பெரிதாகத் தொடவில்லை. 2019 இறுதியில்தான் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். குற்றத்தில் பிடிபட்ட துப்பாக்கி எந்தக் கடையில் விற்றது என்ற தடத் தரவை 2003லிருந்து டீஹார்ட் திருத்தம் என்ற இன்னொரு சட்டப் பிரிவு பூட்டி வைத்திருக்கிறது. அந்தக் கதவை உன் மாணவர்கள் தட்டவே வேண்டாம்.

உன் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். இத்தனை எண்களால் ஒரு சூடாவது நின்றிருக்கிறதா? நின்றிருக்கிறது. "எங்கே, எப்போது" என்று கேட்டவர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. "யார்" என்று கேட்டவர்களுக்குச் சறுக்கியிருக்கிறது. இது என் கட்சி, நீ மறுக்கலாம்.

பிலடெல்பியாவை எடுத்துக்கொள். சார்லஸ் பிரானஸ் என்ற ஆய்வாளரும் குழுவும் 541 காலி மனைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பை அள்ளி, மண்ணைச் சமப்படுத்தி, புல் விதைத்து, சில மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பை மட்டும் அள்ளினார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. 2018ல் வெளியிட்டார்கள். புதர் மண்டிய மனை துப்பாக்கியை ஒளித்து வைக்க வசதி, ஆள் நடமாட்டமும் இருக்காது. வேலி தாழ்வாக இருப்பதில்தான் சூட்சுமம்: லாரி வந்து குப்பை கொட்ட முடியாது, மனிதர் உள்ளே போய் உட்காரலாம். புல்லை வெட்டாமல் விட்டால் பழைய கதை. ஆகவே பராமரிப்புக்கும் பணம் வேண்டும். எந்த மனை காலி, எங்கே சூடு என்ற இரண்டும் அந்த நகரத்தின் திறந்த தரவில் இருக்கின்றன.

துப்பாக்கிக்கு நேராகச் சேராவிட்டாலும் வேல்ஸின் கார்டிஃப் ஒரு பாடம். அங்கே ஜோனதன் ஷெப்பர்ட் என்ற அறுவை மருத்துவர், அவசரப் பிரிவுக்கு அடிபட்டு வருகிறவர்களில் பலர் காவல்துறைக் கணக்கில் இல்லை என்று கண்டார். வரவேற்பில் இருப்பவர் எந்த இடம், எத்தனை மணி, எந்த ஆயுதம் என்று மட்டும் குறித்துக்கொள்வார். பெயரை நீக்கிவிட்டுக் காவல்துறைக்குக் கொடுப்பார்கள். வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் லட்சம் பேருக்கு மாதம் 7லிருந்து 5 ஆனார்கள். ஒப்பிட்ட நகரங்களில் 5லிருந்து 8 ஆனது. அமெரிக்காவிலும் அட்லாண்டா பக்கம் இதைச் செய்து பார்த்தார்கள். "மதுக்கடை வாசல்" என்று எழுதினால் பயனில்லை, எந்தக் கடை என்று எழுத வேண்டும். இடத்தைக் குறிக்கும் இந்த ஒரு பத்தியில் சோம்பல்பட்டால் முழுத் திட்டமும் வீண்.

"யார்" என்பதற்கு சிகாகோ. சேர்ந்து கைதானவர்களை இணைத்து, பாப்பக்ரிஸ்டோஸ் என்ற சமூகவியலாளரின் குழு ஒரு வலைப்பின்னல் போட்டது: 1,38,163 பேர், 11,123 சூடுகள். அதில் 63 விழுக்காடு தொற்றுநோய் போல ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவியதாகக் கணக்கு வந்தது. நல்ல கணக்கு, மறுக்கவில்லை. அதே போக்கில் காவல்துறை ஆபத்துப் பட்டியல் போட்டது. தொடக்கத்தில் 426 பேர். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2016ல் சோதித்தபோது, பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது குறையவில்லை, கைதாவது கூடியிருந்தது. பட்டியலோ ஊதி ஊதிச் சுமார் 4 லட்சம் பேர் என்றாகி, கடைசியில் கைவிடப்பட்டது. உதவி தேவைப்படுவோர் பட்டியலாக இருக்க வேண்டியது சந்தேகப் பட்டியலாகிவிட்டது. பட்டியல் கையில் வந்தபின் காவலர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

தற்கொலைப் பக்கம் தரவு சிறியது, பலன் பெரியது. 2009ல் நியூ ஹாம்ப்ஷயரில், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூவர் ஒரு வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் இறந்தார்கள். மூன்று சாவுகளையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத்தாரும் உட்கார்ந்து, வாடிக்கையாளரிடம் எதைக் கவனிப்பது, எப்போது விற்க மறுப்பது என்று வழிகாட்டி எழுதினார்கள். கொலராடோவில் துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தி வைத்துக்கொடுக்கும் கடைகள், காவல் நிலையங்களின் வரைபடமே பொதுவில் இருக்கிறது. நெருக்கடி பெரும்பாலும் வந்து போவது. அந்த நேரத்துக்கு ஆயுதம் வீட்டில் இல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

உன் மாணவர்களுக்கு என் யோசனை இது. நியூயார்க்கை மட்டும் எடுக்கட்டும். தலைப்பில் "சுடப்பட்டோர்" என்றே வைக்கட்டும். தெருச் சந்திப்பு வாரியாக, நேர வாரியாகச் சம்பவங்களை எண்ணி, முதல் பத்து ஆண்டில் மோசமான சந்திப்புகள் அடுத்த பத்து ஆண்டிலும் மோசமாகவே இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். பாஸ்டனில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான தெருத் துண்டுகளில்தான் சூடு குவிந்திருந்தது, அதுவும் முப்பது ஆண்டாக. நியூயார்க்கிலும் அப்படித்தானா என்பது ஒரு பருவத்துக்குள் முடிகிற கேள்வி. ஆயத்தொலைவுகளில் இரண்டு வகை இருக்கும், ஒன்று அடிக்கணக்கில், இன்னொன்று அட்ச தீர்க்க ரேகையில். தூரம் அளக்க அடிக்கணக்கையே எடுக்கச் சொல்.

முதல் அட்டவணை வந்ததும் அனுப்பு. வரிகள் எத்தனை, தனிக் கீ எத்தனை என்று மேலே இரண்டு எண் எழுதியிருந்தால்தான் படிப்பேன்.

அன்புடன்,
மாலதி