கடதாசிக் கைப்பணிக் கண்காட்சிக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

தைப்பொங்கலை ஒட்டி எமது சனசமூக நிலையத்தில் நடைபெற்ற சிறுவர் கடதாசிக் கைப்பணிக் கண்காட்சி இனிதே நிறைவுற்றுள்ள வேளையில், அதற்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் நிர்வாகத்தின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். நிதி உதவியோரின் பெயர்களை நிலைய அறிவித்தல் பலகையில் காணலாம். இம்மடலில் நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புவது, தங்கள் தொழிலறிவையே பிள்ளைகளுக்குத் தந்தவர்களை.

வெட்டி ஒதுக்கிய மட்டைத் துண்டுகளையும் வர்ணத் தாள்களையும் மூட்டை மூட்டையாக அனுப்பிய அச்சகத்து ஐயா, அத்துடன் நில்லாமல் நேரில் வந்து, தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டென்பதைச் செய்தே காட்டினார். தாள் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரவிரலால் தடவியதும் அது குழல்போலச் சுருண்டது. அக்குழலின் நீளவாட்டமே நாரின் திசை என்றும், அவ்வழியே மடித்தால் மடிப்பு நேராக விழும், குறுக்கே மடித்தால் தடித்த மட்டை வெடிக்கும் என்றும் விளக்கினார். பிள்ளைகள் செய்த பரிசுப் பெட்டிகளின் விளிம்புகள் அவ்வளவு துப்புரவாக அமைந்ததற்கு இதுவே காரணம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் கிடைக்காதபோது பத்திரிகையையே கொப்பித் தாளில் அச்சடித்த ஊர் இது. துண்டுத் தாளையும் வீசாத பழக்கம் அவரிடம் இன்றும் இருக்கிறது.

பசை காய்ச்சித் தந்த அம்மா, புத்தகம் கட்டும் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர். கோதுமை மாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பின்பே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதிலும், வெண்மை மாறித் தெளியும்வரை கை ஓயாமல் துழாவ வேண்டும் என்பதிலும் அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) சேர்ப்பது அத்தொழிலின் வழக்கம் என்றாலும், அது நஞ்சு, சிறுவர் கைபடும் பசைக்கு ஆகாது என்று கூறி, சிறிதளவு உப்பு மட்டும் இட்டார்.

பழைய பத்திரிகைகளை ஊறவைத்து இடித்த கூழில் வார்த்த முகமூடிகள் மாரி ஈரத்தில் உலர மறுத்தன. மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று நாம் கலங்கியிருந்தபோது, பாண் எடுத்த பின் போறணையில் எஞ்சியிருந்த மெல்லிய சூட்டில் தட்டுத் தட்டாக வைத்து உலர்த்தித் தந்த பேக்கரி உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் எமது நன்றி. பாண் வாசத்துடன் வந்த முகமூடிகளுக்குப் பிள்ளைகளிடையே தனி மவுசு இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

வல்வெட்டித்துறையிலிருந்து வந்து, மூங்கிலைச் சீவி இருபுறமும் எடை ஒக்கப் பார்ப்பதையும் பட்டத்தின் முகப்பில் நூல் பூட்டும் முச்சை கட்டுவதையும் கற்பித்த பட்டக் கலைஞர்களுக்கும், மாலை வேளைகளில் பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும் நன்றி உரியது. ‘தொடவேண்டாம்’ என்று எழுதி வைக்காதது எமது தீர்மானம். அதனால் சில கடதாசிக் கொக்குகளின் கழுத்து முறிந்தது உண்மைதான். ஆயினும் கையில் எடுத்துப் பார்க்காதவருக்குக் கடதாசி வேலையின் அருமை பாதியே விளங்கும் என்பது எமது எண்ணம்.

இரவல் தந்த மேசைகளும் தட்டிகளும் உரியவர்களிடம் சேர்க்கப்பட்டுள்ளன. நல்ல கூரான கத்தரிக்கோல் ஒன்று மட்டும் உரிமையாளர் தெரியாமல் நிலையத்தில் இருக்கிறது. உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்வண்ணம்,
கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.