கடிகாரத்துக்கு முன்னால் ஒரு சங்கிலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மௌனப்பட நகைச்சுவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் நடிகர் ஹரால்ட் லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' (1923) என்று வந்ததும், கட்டுரையாளரும் எல்லாரையும் போல கதாநாயகன் உயரமான கட்டடத்தில் தொங்கும் அந்தக் கடிகார முள்ளையே பிடித்துத் தொங்கிவிட்டார். சரி, அவன் ஏன் அங்கே போய்த் தொங்குகிறான்?

ஊரில் காதலி இருக்கிறாள். பட்டணத்தில் காலூன்றிய பிறகு கல்யாணம் என்று பேச்சு. கிடைத்ததோ பெரிய கடையொன்றில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் ஆள் பெரிய புள்ளி! வாடகை பாக்கி. வீட்டுக்காரம்மா வந்தால், அவனும் அறை நண்பனும் சுவரில் மாட்டிய கோட்டுகளுக்குள் காலை மடக்கிக்கொண்டு ஒளிகிறார்கள். படத்தில் முதல் தொங்கல் இதுதான். நண்பனின் கிராமபோன் அடகுக்கடைக்குப் போய், காதலிக்குப் பதக்கமாகிறது.

பதக்கம் வந்தால் சங்கிலி வேண்டாமா? சம்பளத்தோடு நகைக்கடைக்குப் போகிறான். அன்றைய மதியச் சாப்பாடு மனக்கண்ணில் தெரிகிறது. மிச்சச் சில்லறையை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, தட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்துபோகின்றன. நான் விழுந்து விழுந்து சிரித்த இடமும் அதுதான், வயிற்றைப் பிசைந்த இடமும் அதுதான். கடிகாரக் காட்சியில் எனக்குப் பயம் மட்டும்தான் வந்தது.

சங்கிலியைப் பார்த்த பெண், பெரியவர்களும் தூண்டிவிட, ரயிலேறி வந்துவிடுகிறாள். அப்புறம் அவள் முன்னால் இவன் கடை மேலாளர் வேஷம் போட வேண்டியதாகிறது. கடைக்குக் கூட்டம் சேர்க்க யோசனை சொன்னால் ஆயிரம் டாலர் என்று காதில் விழுகிறது. சுவரேறத் தெரிந்த நண்பன் கட்டடத்தில் ஏறிக் காட்டினால் கூட்டம் சேரும், அவனுக்குப் பாதி தருவதாகப் பேச்சு. அவனைப் போலீஸ்காரர் துரத்த, இவனே மாடி மாடியாக ஏற வேண்டியதாகிறது.

இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகரான பஸ்டர் கீட்டனின் 'செவன் சான்சஸ்' (1925) பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அதில் கதாநாயகனுக்குத் தாத்தாவின் சொத்து 70 லட்சம் டாலர்; 27-ஆவது பிறந்தநாள் மாலை ஏழு மணிக்குள் கல்யாணம் ஆகியிருந்தால்தான் கிடைக்கும். காதலி சம்மதித்தும் விடுகிறாள். இன்றைக்கே யாரையாவது கட்டியாக வேண்டும் என்று இவன் உளறப்போய், பணத்துக்காகவா என்று அவள் மறுத்துவிடுகிறாள். பணமே இல்லாமல் தவித்த லாயிடைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சிரிப்பு இரட்டிப்பாகும்.

இன்னொரு விஷயம். 'சேஃப்டி லாஸ்ட்' கதாநாயகி மில்ட்ரெட் டேவிஸை, படம் வெளிவந்த அதே 1923-இல் லாயிட் நிஜமாகவே மணந்துகொண்டார். அதுவும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை